சகுனி இல்லாத சூது

நம் கதை இலக்கியங்கள் சூதைப் பற்றிப் பேசும்போது ஒரு வஞ்சகனையும் அருகே நிறுத்திக்கொள்கின்றன. பாண்டவர் நாடிழந்து காடேகியதற்குச் சகுனியின் வஞ்சம் காரணம் என்கிறது பாரதம். நளன் தன் அரசைப் புட்கரனிடம் இழந்ததற்குக் கலியின் சூழ்ச்சி காரணம் என்கிறது நளன் கதை. புகழேந்தியின் நளவெண்பாவையும் பாரதியாரின் பாஞ்சாலி சபதத்தையும் வகுப்பிலே படித்து வளர்ந்த நமக்குச் சூதிலே தோற்றவன் ஏமாற்றப்பட்டவன் என்ற எண்ணம் இளமையிலேயே ஊறிவிடுகிறது. அந்த எண்ணத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஏமாற்று இல்லாத இடத்திலே அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை என நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம். குதிரை நேர்மையாக ஓடினால், பந்து நேர்மையாக வீசப்பட்டால், பணம் குறித்த நேரத்தில் கைக்கு வந்தால், அது விளையாட்டுத்தானே, அதிலே கெடுதி யாது என்று கேட்கும் இளைஞனுக்குச் சகுனியின் கதை விடை சொல்வதில்லை.

வள்ளுவர் வேறு வழியிலே நின்று பேசினார். சூது என்னும் தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, வெற்றி கிடைப்பதாயினும் சூது வேண்டா என்று விலக்கி, அவ்வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார். அங்கே சகுனி இல்லை, கலியும் இல்லை. வென்றவனைப் பார்த்தே அவர் எச்சரிக்கிறார். வென்றவன் ஏன் அஞ்ச வேண்டும்? இக்கேள்விக்கு அறநூல் ஒரு விடை தரும். கணிதநூல் மற்றொரு விடை தரும். கணிதம் தரும் விடையையே இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது. பந்தயம் பிடிப்பது எப்படி என்று கற்பிப்பது இதன் நோக்கமன்று. பந்தயத்தின் அடிப்படைக் கணக்கை அறிந்தவனுக்கு அதன் உட்பொருள் தானே விளங்கிவிடும் என்பதே நம் கருத்து.

நம் நாட்டிலே

இலங்கைக்குப் பந்தயம் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே கொழும்புக் கறுவாத்தோட்டத்தில் 1893ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குதிரைப் பந்தயத் திடல், பெருமக்கள் கூடும் இடமாக நெடுங்காலம் விளங்கியது. இரண்டாம் உலகப் போரிலே அத்திடல் விமானத் தளமாக மாற்றப்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்தும் போர் விமானங்கள் எழுந்தன. போருக்குப் பின்னர் குதிரைகள் மீண்டு வந்தன. எனினும், அந்நூற்றாண்டின் நடுப்பகுதி கழிந்தபின் கொழும்பிலே பந்தயம் ஓய்ந்தது. நுவரெலியாவில் மட்டும் ஏப்ரல் மாத வசந்த விழாவையொட்டிக் குதிரைகள் இன்றும் ஓடுகின்றன.

ஆனால், குதிரை ஓய்ந்த ஊரிலே பந்தயம் ஓயவில்லை. புக்கி என நம்மவர் வழங்கும் பந்தயக் கடைகளிலே, ஐயாயிரம் மைல்களுக்கு அப்பால் இங்கிலாந்தின் பசும்புல் மீது ஓடும் குதிரைகளுக்காக இங்குள்ளோர் பணம் கட்டிவந்தனர். தாம் கண்டறியாத குதிரையின் பெயரை, தாம் மிதித்தறியாத திடலின் பெயரோடு சேர்த்து மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கூலித் தொழிலாளரை நம் நகரங்களிலே காணலாம். இத்தொழிலுக்கு வரி விதிக்க 1988ஆம் ஆண்டிலே தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. இன்றோ கடைக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை, கைத்தொலைபேசியே கடையாகிவிட்டது. குதிரையோடு கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் சேர்ந்துவிட்டன. ஆகவே, பந்தயப் பலகையிலே எழுதப்படும் எண்களின் பொருள் யாதென்று அறிந்துகொள்வது எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது எனலாம்.

பலகையில் உள்ள எண்

பந்தயப் பலகையிலே ஒரு குதிரையின் பெயருக்கு எதிரே 5/2 என்று எழுதியிருக்கக் காண்போம். இதனை இரண்டுக்கு ஐந்து எனப் படிக்கலாம். இரண்டு ரூபா கட்டியவனது குதிரை வென்றால், அவன் ஐந்து ரூபா இலாபம் பெறுவான். தான் கட்டிய இரண்டு ரூபாவையும் திரும்பப் பெறுவான். ஆக, கைக்கு வருவது ஏழு ரூபா. இதையே ஐரோப்பிய முறையிலே 3.50 என்று எழுதுவர். ஒரு ரூபா கட்டியவன், கட்டிய பணமும் உட்பட மூன்றரை ரூபா பெறுவான் என்பது அதன் பொருள். கைத்தொலைபேசிகளிலே பெரும்பாலும் காணப்படுவது இப்பிந்திய முறையே.

புதியவன் இவ்வெண்ணைச் சோதிடர் வாக்காகக் கொள்கிறான். குதிரை வெல்லுமா வெல்லாதா என்று அறிந்தவர்கள் கூறிய முடிவு அது என எண்ணுகிறான். உண்மையிலே அஃது ஒரு விலை. அரிசிக் கடையிலே தொங்கும் விலைப்பலகையிலிருந்து அது சிறிதும் வேறுபட்டதன்று. எல்லா விலைகளையும் போலவே அதற்குள்ளும் வாணிகனின் இலாபம் அடங்கியிருக்கிறது. ஒரு குதிரை மீது பலர் பணத்தைக் கொட்டினால் அதன் விலை மாறும். குதிரையின் கால் மாறியதனாலன்று, வாணிகனின் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதனாலேயே மாறும்.

இலாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காண்பதற்குப் பின்னக் கணக்கு அறிந்த பிள்ளையின் அறிவே போதும். ஆற்றலிலே முற்றும் சமமான நான்கு குதிரைகள் ஓடுவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் வெல்லக்கூடிய நிகழ்தகவு நான்கில் ஒன்று. நேர்மையான விலை ஒன்றுக்கு மூன்று ஆதல் வேண்டும். நூறு ரூபாவை நான்கு குதிரை மீதும் தனித்தனியே கட்டியவன் நானூறு ரூபா கொடுத்து நானூறு ரூபாவே பெறுவான். எவருக்கும் இலாபமில்லை, நட்டமுமில்லை.

ஆனால், புக்கி அந்த விலையைத் தருவதில்லை. நான்கு குதிரைக்கும் இரண்டுக்கு ஐந்து என்றே எழுதுவான். இப்போது நான்கு பேர் ஆளுக்கொரு குதிரை மீது நூறு ரூபா கட்டினர் என்க. பெட்டியிலே சேர்ந்தது நானூறு ரூபா. வென்றவன் பெறுவது இருநூற்று ஐம்பது ரூபா இலாபமும் கட்டிய நூறு ரூபாவும். மொத்தம் முந்நூற்று ஐம்பது. எஞ்சிய ஐம்பது ரூபா பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. எந்தக் குதிரை வென்றாலும் அந்த ஐம்பது தங்கும். புக்கிக்குக் குதிரையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவன் எந்தக் குதிரைக்கும் மருந்து கொடுக்கவில்லை. எந்தச் சவாரிக்காரனையும் விலைக்கு வாங்கவில்லை. வென்றவனுக்குச் சொன்ன தொகையைச் சொன்னபடியே கொடுத்தான். ஆயினும், வந்த பணத்தில் எட்டில் ஒரு பங்கு அவனுடையதாயிற்று.

குதிரைகள் சமமாக இல்லாதபோதும் கணக்கு இதுவே. ஐந்து குதிரைகள், அவற்றின் விலைகள் முறையே 6/4, 2/1, 4/1, 9/1, 9/1 எனக் கொள்வோம். ஒவ்வொரு விலையும் எந்த நிகழ்தகவைக் குறிக்கிறது என்று காண, கட்டும் தொகையை, இலாபமும் கட்டும் தொகையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தல் வேண்டும். முதற் குதிரைக்குப் பத்தில் நான்கு, அதாவது நூற்றுக்கு 40. இரண்டாவதற்கு மூன்றில் ஒன்று, நூற்றுக்கு 33⅓. மூன்றாவதற்கு நூற்றுக்கு 20. கடைசி இரண்டுக்கும் பத்துப் பத்து. இவற்றைக் கூட்டிப் பாருங்கள்: 113⅓ வரும்.

ஐந்து குதிரைகளில் ஏதோ ஒன்றுதான் வெல்லப்போகிறது. ஆகையால் நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை நூறாகவே இருத்தல் வேண்டும். நூறுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பதின்மூன்று சொச்சம் புக்கியின் கூலி. மக்கள் 240, 200, 120, 60, 60 ரூபா என்ற அளவிலே அக்குதிரைகள் மீது பணம் கட்டினால் பெட்டியிலே 680 ரூபா சேரும்; எது வென்றாலும் கொடுக்கவேண்டியது 600 ரூபா மட்டுமே. வாசகர் விரும்பினால் ஒவ்வொன்றாகப் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். எந்தப் பந்தயத்தின் விலைப்பட்டியல் கைக்கு வந்தாலும் முதலிலே செய்யவேண்டிய வேலை இக்கூட்டல்தான். இதைச் செய்யாதவன், பண்டத்தின் நிறையைக் கேளாமல் விலையைக் கொடுப்பவனுக்கு ஒப்பானவன்.

மெய்ந்நடப்பிலே மக்கள் இவ்வளவு ஒழுங்காகப் பணம் கட்டுவதில்லை. சில நாள்களிலே எல்லோரும் விரும்பிய குதிரையே வென்று புக்கி பெருநட்டம் அடைவதும் உண்டு. ஆயினும் நூற்றுக்கணக்கான பந்தயங்களின் மேலே அந்தச் சொச்சம் தன் வேலையைச் செய்துவிடும். ஒரு நாள் தோற்றாலும் ஆண்டிறுதியிலே அவன் வெல்வது இதனாலேயே.

இக்கணக்குப் பிறந்த கதை

நிகழ்தகவு என்னும் கணிதத் துறை சூதாட்ட மேசையிலிருந்தே பிறந்தது என்பது கல்வி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டிலே இத்தாலியில் வாழ்ந்த மருத்துவரும் கணித வல்லுநருமான கார்டானோ, நெடுங்காலம் சூதாடியவர். கவறாட்டத்திலே விரும்பிய முகம் விழும் வாய்ப்பை, விழக்கூடிய எல்லா முகங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு அளக்கலாம் என அவர் எழுதிவைத்தார். அந்நூல் அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே, 1663இல் அச்சேறியது.

அதற்கு முன்பே, 1654இல், பிரான்சிலே பஸ்கால், பேர்மா என்னும் இரு பேரறிஞர்கள் ஒரு சூதாட்டச் சிக்கலைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டனர். இருவர் ஆளுக்கு முப்பத்திரண்டு பொற்காசு வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வென்றவனுக்கே அறுபத்து நான்கு காசும். ஒருவன் இரண்டும் மற்றவன் ஒன்றும் வென்ற நிலையிலே ஆட்டம் தடைப்பட்டுவிட்டது. காசை எப்படிப் பங்கிடுவது? பஸ்கால் கூறிய விடை எளிமையிலே அழகு வாய்ந்தது. அடுத்த ஆட்டத்தை ஆடியிருந்தால், முன்னிற்பவன் வென்று அறுபத்து நான்கையும் பெறுவான். அல்லது தோற்றுச் சமநிலையடைந்து முப்பத்திரண்டுக்கு உரியவன் ஆவான். ஆகவே, முப்பத்திரண்டு எவ்வாறாயினும் அவனுடையது. எஞ்சிய முப்பத்திரண்டு இருவருக்கும் சரிபாதி. அவனுக்கு நாற்பத்தெட்டு, மற்றவனுக்குப் பதினாறு.

இன்னும் நடக்காத ஆட்டத்துக்கு இன்றே ஒரு மதிப்பைக் கணிக்கலாம் என்பதுதான் இக்கடிதங்கள் உலகுக்கு அளித்த கொடை. ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ் 1657இல் அக்கருத்தை நூலாக்கினார். யாக்கோப் பெர்னூலியின் நூல் 1713இல் வெளிவந்து, ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகப் பெருகக் கிடைக்கும் விளைவு கணித்த விகிதத்தை நெருங்கிவரும் என்று நிறுவியது. இக்கணிதத்தைக் கற்றவர்கள் காப்புறுதி வாணிகத்தைக் கட்டியெழுப்பினர். ஊகத்தை எண்ணாக்கிய அறிவு, விதவைக்கும் முதியவருக்கும் உதவித்தொகை கணிக்கவும் பயன்பட்டது. அதே அறிவைக் கொண்டே புக்கியும் தன் பலகையை எழுதுகிறான். கணக்கு ஒன்றே, ஒருவன் வந்துவிட்ட இடரைப் பலரோடு பகிர்ந்துகொள்ள அதனைப் பயன்படுத்துகிறான், மற்றவன் இல்லாத இடரைத் தேடி வருவோருக்கு விற்கப் பயன்படுத்துகிறான்.

இருவகைக் கடைகள்

பழங்காலக் குதிரைப் பந்தயத்திலே இரு செல்வர்கள் தம்முள் ஒருவரோடொருவர் பந்தயம் பிடித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் நியூமார்க்கெட் திடலிலே ஹரி ஒக்டன் என்பவர், ஓடும் குதிரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை கூறி எவரிடமும் பணம் பெற்றார் எனவும், புக்கித் தொழிலின் தொடக்கம் அதுவே எனவும் கூறுவர். ஒருவனை வெல்வது நோக்கமாக இருந்த இடத்திலே, எல்லோரிடமும் சிறிது சிறிதாகப் பெறுவது தொழிலாயிற்று.

மற்றொரு முறை பாரிசு நகரிலே தோன்றியது. யோசேப் ஒல்லே என்பவர் 1867இல் அதனை வகுத்தார். பின்னாளில் மூலன் ரூஜ் என்னும் புகழ்பெற்ற ஆடலரங்கை நிறுவியோருள் ஒருவரும் இவரே. இம்முறையிலே விலை கூறுவார் எவருமில்லை. எல்லோர் பணமும் ஒரே தொகையாகச் சேர்க்கப்படும். நடத்துவோர் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்வர். எஞ்சியதை வென்ற குதிரை மீது கட்டியவர்கள் பங்கிட்டுக்கொள்வர். பத்தாயிரம் ரூபா சேர்ந்து, அதில் இரண்டாயிரம் எடுக்கப்பட்டால், எண்ணாயிரமே பங்காகும். பிரான்சு 1891ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இம்முறையை மட்டுமே அனுமதித்தது.

இவ்வளவு பணத்தையும் சில நிமிடங்களுக்குள் கூட்டி வகுப்பது மனிதரால் இயலாத வேலை. அதற்கென அவுஸ்திரேலியப் பொறியியலாளர் ஜோர்ஜ் யூலியஸ் அமைத்த பெரும் பொறி, 1913இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்து எலர்ஸ்லி திடலில் முதன்முதல் இயங்கியது. அப்பொறியை அவர் முதலில் எண்ணிப் பார்த்தது பந்தயத்துக்காகவன்று. தேர்தலிலே வாக்குகளை எண்ணுவதற்காக. அரசு அதனை ஏற்காது விடவே, குடிமக்களின் வாக்கை எண்ணப் பிறந்த பொறி பந்தயக்காரரின் பணத்தை எண்ணப் போயிற்று.

இவ்விரு முறைகளையும் ஒப்புநோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஒன்றிலே கடைக்காரனின் பங்கு விலைக்குள் மறைந்திருக்கிறது. மற்றதிலே வெளிப்படையாக முதலிலேயே எடுக்கப்படுகிறது. இரண்டிலும் ஆடுவோரின் பணம் முழுவதும் ஆடுவோருக்குத் திரும்பி வருவதில்லை.

நம்பிக்கைகள் மூன்று

இதைக் கேட்டபின்னும் பந்தயக்காரனிடம் மூன்று நம்பிக்கைகள் எஞ்சியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, பலமுறை தோற்றவனுக்கு இனி வெற்றி வந்தே தீரும் என்பது. மொன்றே கார்லோ நகரச் சூதாட்ட மாளிகையிலே 1913 ஓகஸ்ட் 18ஆம் நாள் சுழல்தட்டிலே கறுப்பு நிறம் தொடர்ந்து இருபத்தாறு முறை விழுந்தது. இனிச் சிவப்பு விழாமல் இருக்குமா என்று எண்ணிச் சிவப்பின் மேலே பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகை இழந்தனர். தட்டுக்கு நினைவில்லை, முன்னர் விழுந்தது எது என்று அது அறியாது. பெர்னூலியின் விதி, எண்ணற்ற ஆட்டங்களின் கூட்டு விளைவைப் பற்றியது. அடுத்த ஓர் ஆட்டம் நமக்குக் கடன்பட்டிருக்கிறது என்று அது கூறவில்லை.

இரண்டாவது, தோற்குந்தோறும் தொகையை இரட்டித்துக் கட்டினால் ஒரு வெற்றியிலே எல்லாம் மீளும் என்பது. சம இலாபம் தரும் பந்தயத்திலே பத்து ரூபாவில் தொடங்கியவன் பத்துமுறை தொடர்ந்து தோற்றால், அவன் இழந்த மொத்தம் 10,230 ரூபா. பதினொராம் முறை 10,240 ரூபா கட்டவேண்டும். அதிலே வென்றாலும் அவனுக்கு மிஞ்சுவது தொடக்கத்திலே விரும்பிய பத்து ரூபாவே. பத்து ரூபாவுக்காக இருபதினாயிரம் ரூபாவைப் பணயம் வைக்கும் இந்த வித்தையைத்தான் உத்தி என்று பலர் இரகசியமாகச் சொல்லித் தருகின்றனர்.

மூன்றாவது, அறிவுள்ளவன் வெல்லலாம் என்பது. இதை மட்டும் முற்றிலும் மறுத்துவிட முடியாது. குதிரையோட்டமும் கிரிக்கெட்டும் கவறு போன்றனவல்ல. அவற்றிலே கற்றறியக்கூடியது உண்டு. 1980களிலே ஹொங்கொங்கில் பில் பென்ரர் என்ற அமெரிக்கர், கணினியின் துணையோடு குதிரைகளைப் பற்றிய எண்ணற்ற விவரங்களை ஆராய்ந்து, காலப்போக்கிலே பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆயின், அவர் வென்ற வழியைக் கவனித்தல் வேண்டும். அது பொழுதுபோக்கன்று; ஆண்டுக்கணக்கிலே இரவுபகலாகச் செய்த கணிதத் தொழில். அங்கே இருந்தது பொதுத்தொகை முறையாதலால், அவர் பெற்ற பணம் கணக்கறியாமல் கட்டிய ஏனையோரின் பணம். புதியவன் வெல்ல வேண்டுமானால், மற்றவர்களைவிட அறிந்தவனாக இருந்தால் மட்டும் போதாது. கடைக்காரனின் பங்கையும் தாண்டும் அளவுக்கு அறிந்தவனாக இருத்தல் வேண்டும். இங்கிலாந்திலோ, தொடர்ந்து வெல்பவனிடம் பெருந்தொகை ஏற்க மறுக்கும் புக்கிகளும் உண்டு. தோற்பவனுக்கு அவ்வாறான தடை எதுவுமில்லை!

வென்றவர்களின் கதை ஊரெங்கும் உலாவும். இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்திலே லெஸ்டர் நகரக் கழகம் 2016இல் வாகை சூடியபோது, பருவத்தின் தொடக்கத்திலே அதற்கு எழுதப்பட்டிருந்த விலை ஒன்றுக்கு ஐயாயிரம் என்ற செய்தி உலகைச் சுற்றிவந்தது. அதே விலையை நம்பி ஏனைய சிறு கழகங்கள் மீது ஆண்டுதோறும் பணம் கட்டி இழந்தோர் செய்தியாவதில்லை. அவர்களுக்குக் கதை இல்லை. கணக்கு மட்டுமே உண்டு.

வென்றவன் ஏன் அஞ்ச வேண்டும்?

தொடக்கத்திலே எழுப்பிய கேள்விக்கு இப்போது வருவோம். எட்டில் ஒரு பங்கு போவது பெரிய நட்டமா என்று ஒருவர் கேட்கலாம். படம் பார்க்கவும் தேநீர் அருந்தவும் நாம் பணம் செலவிடவில்லையா? ஒரு முறையோடு நிறுத்துபவனுக்கு அது பெரிதன்று. ஆனால், வென்ற பணம் சட்டைப்பைக்குப் போவதில்லை. அடுத்த பந்தயத்துக்கே போகிறது. ஆயிரம் ரூபாவைக் கட்டி, வருவதை மறுபடியும் மறுபடியும் கட்டுவோர் பலரை எடுத்துக்கொண்டால், சராசரியாக முதற்சுற்றின் முடிவிலே 875 ரூபா இருக்கும். இரண்டாம் சுற்றிலே 766. ஐந்தாம் சுற்றிலே ஏறக்குறைய 513. பத்தாம் சுற்றிலே 263. இடையிலே சிலர் வென்றிருப்பர், ஆரவாரம் செய்திருப்பர். எனினும், அவ்வெற்றிகள் யாவும் சேர்ந்த கூட்டத்தின் நிலை இதுவே.

வெற்றி இல்லாவிட்டால் எவரும் இரண்டாம் சுற்றுக்குப் போகமாட்டார். தோல்வி மனிதனை வீட்டுக்கு அனுப்பிவைக்கும். வெற்றியே அவனை மேசையிலே இருத்தும். மீன் முள்ளை விழுங்குகிறது என்ற உவமையின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. மீனின் வாயிலே அகப்பட்டது உண்மையாகவே கிடைத்த பொருள்தான். கிடைத்ததனாலேயே அது அகப்பட்டது.

முற்காலத்திலே திடலில் ஒரு நாளைக்குச் சில பந்தயங்களே நடைபெற்றன. ஒரு பந்தயத்துக்கும் மறு பந்தயத்துக்கும் இடையே மனம் ஆறுவதற்கு நேரமிருந்தது. இன்று கிரிக்கெட் ஆட்டத்தின் ஒவ்வொரு பந்துக்கும் பணம் கட்டலாம். எட்டில் ஒன்றுக்குப் பதிலாக இருபதில் ஒன்றையே எடுத்துக்கொள்ளும் கடையாயினும், ஒரு மாலையிலே நூறு முறை எடுத்தால் மிஞ்சுவது யாது? விகிதம் குறைந்தது; வேகம் பெருகியது. சூதுப்பழக்கத்தைக் குடிப்பழக்கம் போன்றதொரு அடிமை நோயாகவே உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் இன்று வகைப்படுத்துகிறது. அத்தகையோருக்கு வேண்டியது பழிச்சொல்லன்று, மருத்துவமும் துணையுமே.

சகுனி திரும்பி வரும் வழி

சகுனி இல்லாமலே சூது கெடுக்கும் என்றோம். ஆனால், பந்தயப் பணம் பெருகிய இடத்துக்குச் சகுனியும் பின்வாசலால் வந்து சேர்கிறான். அமெரிக்காவிலே 1919ஆம் ஆண்டின் பேஸ்போல் இறுதித் தொடரைச் சூதாடிகளுக்காக விட்டுக்கொடுத்தனர் எனச் சிக்காகோ அணியினர் எண்மர் குற்றஞ்சாட்டப்பட்டு, நீதிமன்றத்திலே விடுதலை பெற்றபின்னும் ஆட்டத்திலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டனர். தென்னாபிரிக்கக் கிரிக்கெட் தலைவர் ஹன்சி குரோன்யே 2000ஆம் ஆண்டிலே, பந்தயக்காரரிடம் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டு வாழ்நாள் தடைக்கு ஆளானார். இலண்டன் லோர்ட்ஸ் திடலிலே 2010இல், குறித்த நேரத்திலே முறையற்ற பந்து வீசுவதற்காகப் பாகிஸ்தான் வீரர் மூவர் பணத்துக்கு உடன்பட்டனர். அடுத்த ஆண்டிலே சிறை சென்றனர். இலங்கையும் விளையாட்டுகள் தொடர்பான தவறுகளைத் தடுக்கும் சட்டத்தை 2019இல் இயற்றி, ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கியது. தென்னாசியாவிலே இவ்வாறு செய்த முதல் நாடு நம் நாடே.

சட்டம் சகுனியைத் தண்டிக்கலாம். நூற்றுப் பதின்மூன்று என்று கூட்டுத்தொகை வரும் விலைப்பலகையைத் தண்டிக்க எந்தச் சட்டமும் இல்லை. அது குற்றமும் அன்று. அதனிடமிருந்து ஒருவனைக் காக்கக்கூடியது அவனுடைய கூட்டலறிவு மட்டுமே.

இருதுபன்னன் கற்பித்த பாடம்

ஆகவே, இவ்விடயம் ஆசிரியருக்கு உரியது. சூது பாவம் என்று மேடையிலே கூறப்படுவதை மாணவன் கேட்டுக்கொண்டு போய்விடுகிறான். பின்னக் கணக்குப் பாடத்திலே ஐந்து குதிரைகளின் விலையைக் கரும்பலகையில் எழுதி, கூட்டுத்தொகை ஏன் நூறைத் தாண்டுகிறது என்று கேட்கும் ஆசிரியரின் பாடத்தை அவன் எளிதிலே மறக்கமாட்டான். தானே கண்டுபிடித்த உண்மைக்கு உபதேசத்தைவிட வலிமை அதிகம்.

இதற்கு நம் பழங்கதையிலேயே சான்று உண்டு. நாடிழந்து, உருமாறி, வாகுகன் என்னும் பெயரோடு தேரோட்டியாக இருந்த நளன், அயோத்தி வேந்தன் இருதுபன்னனை ஏற்றிக்கொண்டு போகும் வழியிலே ஒரு தான்றி மரத்தைக் காண்கிறான். மரத்திலுள்ளவற்றின் தொகையை ஒரு பார்வையிலே வேந்தன் கூறிவிடுகிறான். பாரதக் கதையிலே நளன் அதனை அப்படியே நம்பிவிடவில்லை. மரத்தை வீழ்த்தி எண்ணிப் பார்த்து, சரியென்று கண்டபின்னரே வியக்கிறான். பின்னர்த் தன் குதிரை நூலறிவை அவனுக்குக் கொடுத்து, அவனுடைய எண்ணறிவையும் கவறாட்ட அறிவையும் பெற்றுக்கொள்கிறான். அவ்வறிவு வந்த அக்கணத்திலேயே கலி அவனை விட்டு நீங்குகிறது.

அந்த அறிவைக் கொண்டு அவன் மீண்டும் ஆடி நாட்டை வென்றானே, அது சூதுக்குச் சான்றாகாதா என்று கேட்பார் இருக்கலாம். நளன் ஆடியது ஒருவனோடு ஒருவனாக. இடையிலே பங்கெடுக்கும் கடை அங்கே இருக்கவில்லை. இழந்ததை மீட்டபின் அவன் மேசையிலே அமர்ந்திருக்கவுமில்லை. இன்றைய பந்தயக்காரனுக்கு அவ்விரண்டும் வாய்ப்பதில்லை.

குதிரையை நன்கறிந்த நளனிடமிருந்து கலி நீங்கவில்லை. எண்ணக் கற்ற நளனிடமிருந்தே நீங்கியது. குதிரைகளின் பெயரையும் ஆட்டக்காரரின் ஓட்டங்களையும் மனப்பாடம் செய்திருக்கும் நம் இளைஞர்களுக்கு நாம் கற்பிக்கவேண்டியதும் அந்த எண்ணறிவையே.